முதல் வார்டு போஸ்டிங்குக்கு முன்: நர்சிங் கிட்டில் எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

நர்சிங்கில் சேர்ந்த கொஞ்ச நாளில் கல்லூரியிலிருந்து ஒரு பட்டியல் வரும். ஸ்டெதஸ்கோப், பி.பி. ஆப்பரட்டஸ், தெர்மாமீட்டர், பென் டார்ச், விநாடி முள் உள்ள கடிகாரம், இஞ்சு டேப். சென்னையில் நைனியப்ப நாயக்கன் தெருவிலோ, மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியோ உள்ள சர்ஜிகல் கடையில் அதை நீட்டினால், ‘ஸ்டூடண்ட் கிட்’ என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். விலை குறைவுதான். பையின் லட்சணம் வார்டில்தான் தெரியும்.

ஊசி போட முதல் மாதம் யாரும் விடமாட்டார்கள். பி.பி. பார்க்க மட்டும் முதல் வாரமே அனுப்பிவிடுவார்கள். கஃப் (புஜத்தில் கட்டும் காற்றுப்பட்டை) சுற்றி, காற்றடித்து, வால்வைத் திறந்தால் காதில் ஒன்றுமே விழாது. நோயாளி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்துப் பெட்டின் அட்டெண்டரும் பார்ப்பார், பின்னால் டியூட்டர் நிற்பார். காது சரியில்லையா, கருவி சரியில்லையா என்று புரியாத அந்த அரை நிமிடத்தில்தான் கை தானாக 120/80 என்று சார்ட்டில் எழுதிவிடுகிறது. ஒருமுறை அப்படி எழுதிப் பழகிய கை அடுத்த பெட்டிலும் எழுதும்.

அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்: ‘கருவிதான் தப்போ’ என்ற சந்தேகத்துக்கு இது இடம் வைக்கிறதா? அந்தச் சந்தேகம் போய்விட்டால் மிச்சம் கைப்பழக்கம் மட்டும்தான்.

ஸ்டெத்

கடையில் மூன்று தட்டில் கிடைக்கும். கிட்டோடு வரும் சில நூறு ரூபாய் சரக்கு ஒன்று. மைக்ரோடோன், டாக்டர் மோர்பென் போன்ற நடுத்தர விலைக்காரர்கள் அடுத்தது. பல ஆயிரம் ரூபாய் கேட்கும் லிட்மன் மூன்றாவது.

கிட் ஸ்டெத்தில் குழாயை விடக் காதுமுனைதான் பெரும்பாலும் வில்லன். கெட்டியான பிளாஸ்டிக் முனை காதுத் துளையை மூடாது. இடைவெளி வழியாக வார்டின் ஃபேன் சத்தம், டிராலிச் சத்தம் எல்லாம் உள்ளே வரும், கேட்க வேண்டியது மட்டும் வராது. மென்மையான சிலிக்கான் முனையை மாற்றிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டாவது கோளாறு டயஃப்ரத்தை, அதாவது நோயாளி உடம்பில் படும் மெல்லிய தகட்டை, பிடித்திருக்கும் வளையம். அது தளர்ந்தால் சத்தம் மங்கிப்போகும். விரலால் திருகிப் பார்த்து இறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு குழாய் தனித்தனியாகத் தொங்கும் மாடல் பார்க்கப் பெரிய டாக்டர் ஸ்டெத் மாதிரி இருக்கும். குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தைப் புதுக் காது பி.பி. சத்தம் என்றே நினைத்துக்கொள்ளும். முதலாண்டுக்கு அது வேண்டாம்.

லிட்மன் வேண்டுமா? கிளாசிக் 3 நல்ல கருவி, அதில் மறுபேச்சில்லை. எடை சுமார் 150 கிராம், இரண்டு பக்கமும் டயஃப்ரம். லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தி வைத்தால் உயர்ந்த ஒலி. சின்னப் பக்கத்தின் டயஃப்ரத்தைக் கழற்றி ரப்பர் விளிம்பு மாட்டினால் அது திறந்த பெல் (தகடில்லாத கிண்ணம் போன்ற முகம்) ஆகிவிடும். ஐந்து ஆண்டு வாரண்டி. நுரையீரலிலும் இதயத்திலும் நுணுக்கமான சத்தங்களைப் பிரித்துக் கேட்க வேண்டிய மூன்றாம் ஆண்டில் இதன் அருமை தெரியும். பி.பி. பார்க்க மட்டும் இவ்வளவு தேவையில்லை. லிட்மன்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால் அதே நிறுவனத்தின் லைட்வெயிட் 2 எஸ்.இ. போதும். உடம்பில் வைக்கும் தலை கண்ணீர்த்துளி வடிவத்தில் இருப்பதால் கஃப் விளிம்பை ஒட்டி வசதியாக உட்காரும். கழுத்திலும் கனக்காது. ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு லிட்மன் கிடைத்தால் அது லிட்மனாக இருக்காது. கிளாசிக் 3 அசலில் வரிசை எண் பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எங்கள் தேர்வு நடுத்தர விலையில் ஒற்றைக் குழாய், இரு பக்கத் தலை, மென்மையான காதுமுனை. கடையில் நின்றபடியே சோதிக்க முடியும். முனைகள் மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் முனை காதுச் சுவரில் முட்டும், எவ்வளவு நல்ல ஸ்டெத்தும் ஊமையாகிவிடும். மாட்டியதும் டயஃப்ரத்தை நகத்தால் மெல்லத் தொடுங்கள். டப் என்று கேட்டால் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. கேட்கவில்லையென்றால் தலையைப் பிடித்து அரைச் சுற்று, ‘கிளிக்’ என்று உட்காரும் வரை திருப்புங்கள். இரு பக்கத் தலையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். ‘சத்தமே வரல சிஸ்டர்’ என்று முதல் வாரத்தில் வரும் புகாரில் கணிசமானது இந்தத் திருப்பாத தலையால் வருவதுதான். நோயாளி கையில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு. ஒரு விநாடி வேலை, ஒரு சந்தேகம் குறையும்.

பி.பி. ஆப்பரட்டஸ்

காசை இங்கே போடுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. ஸ்டெத் சுமாராக இருந்தால் சத்தம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். டயல் தப்பாக இருந்தால் எண்ணே தப்பு, அது கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

பாதரச வகை வாங்க வேண்டாம். உடைந்தால் அள்ளி எடுக்க முடியாத நஞ்சு அது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பழைய வார்டுகளில் பாதரச டப்பா இன்னும் இருக்கும், அதில் படிக்கக் கற்றுக்கொள்வது வேறு விஷயம். கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும், மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் எண் மாறும். ஓம்ரான் மாதிரி டிஜிட்டல் கருவி வீட்டுக்கு நல்லது. கற்றுக்கொள்பவரின் காதை அது வளர்க்காது. நாடி ஒழுங்கற்றுத் துடிக்கும் நோயாளியிடம் அதன் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. வாங்க வேண்டியது கையால் காற்றடிக்கும் டயல் வகை. நம் ஊர்க் கடைகளில் டயமண்ட் எங்கும் கிடைக்கும், அதன் கஃபும் பல்பும் (காற்றடிக்கும் ரப்பர் உருண்டை) தனியே வாங்கி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

எந்தப் பிராண்டாக இருந்தாலும் கடையிலேயே மூன்று சோதனை.

முள்: காற்றில்லாதபோது முள் சுழியத்தின் மேல் நிற்க வேண்டும். சில மலிவு டயல்களில் சுழியத்தில் ஒரு சின்ன ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தியிருக்கும். உள்ளே எவ்வளவு பிசகியிருந்தாலும் முள் நல்ல பிள்ளை மாதிரி அங்கேயே நிற்கும். அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

கசிவு: கஃபை ஒரு தண்ணீர் பாட்டிலைச் சுற்றி இறுக்கி 200 வரை ஏற்றி, வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முள் 4 மி.மீ.க்கு மேல் (டயலின் எண்கள் பாதரச மி.மீ. கணக்கு) இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் குழாய் டயலில் சேரும் இடம், அல்லது வால்வு.

வால்வு: 180-இலிருந்து விநாடிக்கு 2, 3 மி.மீ. வேகத்தில் சீராக இறக்கிப் பாருங்கள். மணல் புகுந்தது போல் பிசிறி, முள் 10, 10-ஆகக் குதித்தால் அந்தப் பல்பு வேண்டாம். புதுக் கையால் எப்படி முயன்றாலும் அதைச் சரியாகத் திறக்க முடியாது. குறை கையில்தான் என்று பாவம் அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும்.

கல்லூரி ஸ்கில் லேபில் சரிபார்த்த கருவி ஒன்று இருக்கும். ஒய் வடிவ இணைப்பு ஒன்று வாங்கி அதையும் உங்கள் டயலையும் ஒரே கஃபில் சேர்த்து, 50, 100, 150, 200 என்று நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கீழே விழுந்தால் அன்றே இந்தச் சோதனை. விழாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அடுத்தது கஃபின் அளவு. கிட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையின் அகலம் புஜத்தின் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். சுற்றளவு 22 முதல் 26 செ.மீ. கைக்கு 12-க்கு 22 செ.மீ. பை சரி. 27 முதல் 34 கைக்கு 16-க்கு 30 வேண்டும். சின்னக் கஃபைப் பெருத்த கையில் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும், பெரிய கஃப் ஒல்லிக் கையில் குறைத்துக் காட்டும். கிட்டில் சும்மா கிடக்கும் இஞ்சு டேப்புக்கு இதுதான் முதல் வேலை. வார்டில் ஒருவருக்கு 150 வந்து டியூட்டர் பார்த்தபோது 138 வந்தால், காதைச் சந்தேகப்படுவதற்கு முன் இருவரும் ஒரே கஃபைத்தான் சுற்றினார்களா என்று பாருங்கள்.

கருவி சரி, இனி கை

நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது, பேச்சும் கூடாது. காபியோ பீடியோ முடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் ஒரு தலையணை மேல். கை தொங்கினால் எண் ஏறும், உயர்ந்தால் இறங்கும். டிரிப் ஓடும் கை, டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கை, மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கை மூன்றையும் தொடாதீர்கள். ‘ஐயா, பி.பி. பாக்கணும், கையை லேசா இறுக்கும், சீக்கிரம் விட்டுரும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் கையை இழுக்கமாட்டார்.

கஃபின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே. சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தில் கயிறு போல் இறுக்கி வைப்பதைவிடக் கழற்றச் சொல்வது நல்லது. சத்தம் கேட்க வேண்டிய ரத்தக்குழாயான பிரேக்கியல் தமனி முழங்கை மடிப்பின் நட்ட நடுவில் ஓடுவதில்லை. நடுவில் தட்டுப்படும் கெட்டியான தசைநாணுக்கு உட்புறம், உடம்பை ஒட்டிய பக்கம். இரண்டு விரலால் துடிப்பைத் தேடிக் கண்டுபிடித்த இடத்தில்தான் ஸ்டெத். கஃபுக்கு அடியில் செருகினால் உரசல் சத்தம் வரும், ரொம்ப அழுத்தினால் சத்தம் அடங்க வேண்டிய இடம் தாண்டியும் கேட்கும்.

இப்போது பலர் தாவிவிடும் படி. ஸ்டெத்தைக் காதில் மாட்டுவதற்கு முன் மணிக்கட்டு நாடியைப் பிடித்தபடி காற்றடியுங்கள். 110-இல் நாடி மறைந்தது என்று வையுங்கள். காற்றை முழுவதும் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, இம்முறை 110-உடன் 30 கூட்டி 140 வரை ஏற்றுங்கள். தேவையில்லாமல் 200 வரை ஏற்றி நோயாளியை நெளிய வைக்க வேண்டியதில்லை. சிலருக்குச் சத்தம் தொடங்கி, நடுவில் காணாமல் போய், மறுபடி வரும். அந்த மௌனத்தில் ஏமாறாமல் இருக்கவும் இதுவே வழி. புதியவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. காதில் ஒன்றும் விழாவிட்டாலும் மேல் எண் ஓரளவு கையில் இருக்கிறது. ‘சிஸ்டர், நாடி பிடிச்சுப் பாத்ததுல 110, சத்தம் எனக்குக் கேக்கல’ என்று சொல்ல முடியும். அது வெறுங்கையோடு நிற்பதும் இல்லை, 120/80 என்று கதை எழுதுவதும் இல்லை.

இறக்கும்போது விநாடிக்கு 2, 3 மி.மீ. 140-இலிருந்து 60-க்கு வர அரை நிமிடம் ஆகும். பதற்றத்தில் பத்து விநாடியில் இறக்கிவிட்டால் மேல் எண் குறைவாகவும் கீழ் எண் கூடுதலாகவும் பதிவாகும். முள் துள்ளத் தொடங்குவதைப் பார்த்து எண் சொல்லாதீர்கள். உண்மையான மேல் எண்ணுக்கு முன்பே அது துள்ளும். காதுக்குத்தான் வேலை. 1905-இல் நிக்கோலாய் கொரோட்காஃப் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன அதே சத்தங்கள்: முதலில் தெளிவான தட்டல், பிறகு சலசலப்பு, மறுபடி அழுத்தமான தட்டல், பிறகு பஞ்சில் சுற்றியது போல் அமுங்கல், கடைசியில் மௌனம். முதல் தட்டல் மேல் எண், மௌனம் கீழ் எண். டயலில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளி என்பதால் எழுதும் எண் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க 110, 120, 130 என்று சுழியத்திலேயே முடிந்தால் அந்தச் சார்ட்டைப் பார்க்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிடும்.

சத்தம் ரொம்ப மெல்லியதா? கையைத் தலைக்கு மேல் அரை நிமிடம் உயர்த்தி, அந்த நிலையிலேயே காற்றடித்து, பிறகு கீழே இறக்கிக் கேட்டால் பலமாகக் கேட்கும். ஹாஸ்டல் பெண்களின் ஒல்லிக் கைகளில் பழகும்போது இது உதவும். அங்கே கேட்டுவிட்டால் வார்டில் பெரியவர்களின் கையில் கேட்பது எளிது.

ஹாஸ்டலில் பழக ஒரு முறை. இரண்டு பேர் ஒரே கையில், இரண்டு நிமிட இடைவெளி விட்டுப் பார்த்து, பேசாமல் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். பிறகு சீட்டைத் திறவுங்கள். 4 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடினால் மூன்றாமவர் பார்க்கட்டும். டிஜிட்டல் கருவி இருந்தால் அதைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் எண்ணைப் பார்த்துவிட்டால் அந்த எண்ணில்தான் சத்தம் நின்றதாகக் காதுக்குத் தோன்றும். அது வேறு முறையில் அளப்பதால் சில புள்ளிகள் முன்பின் இருப்பது இயல்பு.

பேட்ச் சேர்ந்து வாங்க ஒன்று

ஒரே தலை, இரண்டு ஜோடிக் காதுகள் உள்ள டீச்சிங் ஸ்டெத் என்று ஒன்று உண்டு. கிட்டில் வராது, கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார். குழாய் நீளம் என்பதால் சத்தம் கொஞ்சம் குறையும், தினசரி வேலைக்கு ஆகாது. ஆனால் ‘எனக்குக் கேட்பது அதுதானா’ என்ற கேள்விக்கு இதைவிட விரைவான பதில் இல்லை. டியூட்டரோ சீனியர் அக்காவோ ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு முதல் சத்தத்தில் விரலை உயர்த்தி, மௌனத்தில் இறக்க வேண்டும். மாணவியும் அதேபோல். ஆனால் இருவரும் ஒருவர் விரலை ஒருவர் பார்க்கக் கூடாது, மூன்றாமவர் டயலைப் பார்த்து நான்கு எண்ணையும் குறிக்கட்டும். ஆளுக்குச் சில நூறு ரூபாய் போட்டால் ஒரு பேட்ச்சுக்கு ஒன்று போதும். இந்தப் பட்டியலில் நாங்கள் தயங்காமல் சிபாரிசு செய்வது இதைத்தான்.

மற்றவை

தெர்மாமீட்டர் எந்த டிஜிட்டலும் போதும். அக்குளில் வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை குழியின் நடுவில் படும்படி வைத்து, கையை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். வாயில் பார்ப்பதைவிட அக்குளில் அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும், எங்கே பார்த்தது என்று சார்ட்டில் எழுதுங்கள்.

கைக்கடிகாரம் வேண்டாம். கை கழுவும்போது மணிக்கட்டு வரை கழுவ வேண்டும், வார் அதற்கு இடைஞ்சல். மார்பில் குத்தும் ஃபாப் வாட்ச் வாங்குங்கள், விநாடி முள் ஓடுவதாக. நாடியை எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் அப்படியே மூச்சை எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வார்டிலேயே இருக்கும், சொந்தமாகத் தேவையில்லை. குளிர்ந்த விரல், நெயில் பாலிஷ் இரண்டும் அதைக் குழப்பும். சுத்தியல், டியூனிங் ஃபோர்க் எல்லாம் கிட்டில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். முதலாண்டில் அவை பைக்குள்ளேயே தூங்கும்.

பராமரிப்பு சுருக்கமாக. ஸ்டெத்தை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் துணியால் துடையுங்கள், தண்ணீரில் முக்காதீர்கள். கைக்குத் தேய்க்கும் சானிடைசரில் சேர்மானங்கள் இருக்கும், குழாய்க்கு ஆகாது. வெறும் கழுத்தில் போட்டால் வியர்வையும் தோல் எண்ணெயும் பட்டுக் குழாய் விறைத்துப்போகும், காலர் மேல் போடுங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் வைத்தால் அதே கதி இன்னும் சீக்கிரம் வரும். கஃப் துணியை உள்ளிருக்கும் பையை எடுத்துவிட்டுத் துவைக்கலாம். ஸ்டெத் குழாயில் பெயர் எழுதிய டேப் ஒன்று கட்டாயம் ஒட்டுங்கள். வார்டில் கடன் போன ஸ்டெத் தானாகத் திரும்பி வராது.

வாங்கும்போது கச்சா சீட்டு வேண்டாம், பில் கேளுங்கள். கடையில் 200-இல் நின்ற கஃப் சில சமயம் ஒரு வாரம் கழித்துத்தான் ஒழுகத் தொடங்கும். பில் இல்லாமல் போனால் அந்தக் கடைக்காரருக்கு உங்கள் முகமே ஞாபகம் இருக்காது.